நாலரை மணிச் சத்தம்

மூன்று முறை அடித்தால்தான் மூடும்
என் ஓப்பலின் டிக்கி.
முதல் அடி சும்மா.
இரண்டாவதில் எனக்குக் கோபம் வரும்.
மூன்றாவதில் எப்படியோ கவ்விக்கொள்ளும்.
பிறகு சந்தையில் அதைத் திறக்க
இன்னொரு போராட்டம்.

இலையுதிர் காலத்தில் ஒரு லாரி
பின்னால் வந்து லேசாக உரசியதிலிருந்து இப்படி.

குத்தாயிசியில் ஐந்து மாடி, நாற்பது வீடு,
நடுவில் ஒரே முற்றம்.
விடியாத நாலரைக்குப்
பாலாடைக்கட்டிப் பெட்டிகளை ஏற்றிவிட்டு
நான் அடிக்கும் மூன்று அடி
ரியோனி ஆற்றுக்கு அக்கரை வரை கேட்குமாம்.
நுக்சார் சொல்கிறான்.
எதையும் ஊதிச் சொல்பவன்தான்,
ஆனால் அக்கரையில் அவன் மச்சினன் இருக்கிறான்.

ஞாயிறு, மூடியைத் தூக்கி வைத்துக் குனிந்தேன்.
குனிந்த முதுகைக் கண்டால் போதும்,
முற்றம் கூடிவிடும்.
கிரீஸ் போடு என்றான் நுக்சார்.
போட்டேன். சட்டையிலும் போட்டுக்கொண்டேன்.
ரப்பர் தடிச்சிருக்கு, பிளேடால் சீவு என்றான் அவனே.
இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து ஒரு குரல்:
கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுச் சாத்து,
உள்ளே காற்று முட்டுது.
இறக்கினேன். கொஞ்சம் உண்மை,
மூன்று இரண்டரை ஆனது.
ஆளுக்கொரு முறை அடித்துப் பார்த்தார்கள்.
உலைவாயை மூடினாலும்
ஊர்வாயை மூட முடியாதாம்.
எனக்கு உலைவாயே மூடவில்லை.

பல் மருத்துவர் ஷால்வா
அதுவரை சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்.
"கடி எங்கே படுதுன்னு பார்க்காம
பல்லை ராவக் கூடாது," என்றார்.
"கொக்கியில் சாயம் தடவு.
லிப்ஸ்டிக் போதும்."

அத்தனை ஆண்கள் நிற்கும் முற்றத்தில்
ஒரு லிப்ஸ்டிக் இல்லை.
என் மனைவியுடையது அவளோடு இத்தாலியில்,
யாரோ ஒரு கிழவரை அவள் குளிப்பாட்டும் வீட்டில்.

அப்போது மூன்றாம் மாடியிலிருந்து
கயிற்றில் ஒரு கூடை இறங்கியது.
கெத்தினோ.
கார் நிறுத்தும் இடத்துக்காக
இரண்டு வருடமாக என்னோடு பேசாதவள்.
கூடையில் செர்ரி நிறம், பாதி தேய்ந்தது.
நான் அண்ணாந்து பார்ப்பதற்குள்
ஜன்னல் சாத்திவிட்டது.
அவள் ஜன்னல் ஒரே தரத்தில் சாத்துகிறது.

கொக்கிக்குப் பூசி
மூடியை மெல்ல இறக்கி, தூக்கினேன்.
பூட்டின் நடுவில் பதியவேண்டியது
இடது ஓரத்தில் பதிந்திருந்தது,
நகம் வெட்டிப் போட்ட அளவுக்கு ஒரு சிவப்பு.
பத்தாம் நம்பர் ஸ்பேனர். இரண்டு போல்ட்.
முழுக்கக் கழற்றவில்லை, இளக்கினேன்.
வலப்பக்கம் ஒரு தட்டு, இன்னும் ஒன்று.
இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்.
முறுக்கினேன்.

உள்ளங்கையை வைத்தேன், அவ்வளவுதான்.
ளக்.
எச்சில் விழுங்குகிற மாதிரி.
யாரும் கைதட்டவில்லை.
நுக்சார் மட்டும் நம்பாமல்
மூன்று முறை அடித்துப் பார்த்தான்.

திங்கள் நாலரைக்கு ஏற்றினேன், அழுத்தினேன்,
ஒரு ஜன்னலிலும் வெளிச்சம் வரவில்லை.
என் பாலாடைக்கட்டியை நானே
திருடிக்கொண்டு போவது போலிருந்தது.

மாலையில் காருக்குப் பக்கத்தில் கெத்தினோ.
இரண்டு வருடத்தின் முதல் வார்த்தை:
"காலையில் நீ போகலையா?"
போனேனே என்றேன்.
"பொய்.
நீ அடிக்கிற சத்தத்துக்குத்தான் எழுந்திருப்பேன்.
முதல் அடிக்குக் கண், மூணாவதுக்குக் கால்.
இலையுதிர் காலத்திலிருந்து
அலாரம் வைக்கிறதில்லை.
இன்னைக்கு ஐந்தேகால் பஸ் போச்சு.
டயாலிசிஸ் வார்டு வாசலில்
எட்டுப் பேர் எனக்காக உட்கார்ந்திருந்தாங்க."

ஸ்பேனர் பையிலேயே இருந்தது.
இரண்டு மில்லிமீட்டர்தான்,
திருப்பி நகர்த்த ஒரு நிமிடம் ஆகாது.
கை போனது, வந்தது.

இப்போது மூடிய பிறகு
தகரத்தில் மூன்று முறை முட்டியால் தட்டுகிறேன்.
சிலநாள் இரண்டிலேயே
மூன்றாம் மாடியில் விளக்கு எரிகிறது.
இடத் தகராறு அப்படியேதான் இருக்கிறது,
நேற்றுக்கூட ஒரு பழைய நாற்காலியை
அங்கே போட்டு வைத்திருந்தாள்.
லிப்ஸ்டிக்கை வாங்கிக்கொள்ளவில்லை.
கிரீஸ் பட்டதை யார் பூசுவது என்றாள்.

ரப்பரைத்தான் சீவியிருக்கணும் என்கிறான் நுக்சார்.